என் ஈரலைப் பார்க்க வந்தவர்கள்

ஜூன் 3, திங்கள்

இன்று அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சுவர் பாக்கி விடாமல் படித்தேன். எச்சில் துப்பாதே. வரிசையில் நில். படிக்கட்டில் உட்காராதே. அறுபத்தேழு வயது வரைக்கும் இந்தச் சுவர்கள் என்னைத்தான் திட்டிக்கொண்டிருந்தன என்று தெரியாமல், அதே படிக்கட்டில் உட்கார்ந்து அதே சுவரில் சாய்ந்து கடலை தின்றிருக்கிறேன். படிப்பு வந்தால் மரியாதை வரும் என்றார்கள். எனக்கு முதலில் வந்தது வசவு.

என் பெயர் சோலையப்பன். விருதுநகர் பஜாரில் நாற்பது வருஷம் மூட்டை தூக்கியவன். வத்தல், பருப்பு, எண்ணெய் டின் எல்லாம் இந்த முதுகில் ஏறி இறங்கியவைதான். இப்போது சங்கக் கட்டடத்தில் ஜெபமணி டீச்சர் நடத்தும் மாலை வகுப்பில் எழுதப் படிக்கக் கற்றுக்கொண்டேன். தினமும் ஒரு வரியாவது எழுதுங்கள் என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். இந்தப் பக்கத்தை ஆரம்பித்தபோது காபி சூடாக இருந்தது. இப்போது அதில் ஓர் எறும்பு நீந்துகிறது.

ஆஸ்பத்திரிக்குப் போன காரணத்தை எழுதவில்லையே. வலது விலாவுக்குக் கீழே ஒரு பாரம். என்னவோ பசையைத் தடவி ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "ஈரல்ல கொழுப்பு படிஞ்சிருக்குய்யா. ரெண்டாம் நிலை" என்றார்.

"டாக்டரம்மா, நான் ஒரு சொட்டுத் தொட்டதில்லைம்மா! பஜார் பூராவும் கேட்டுப் பாருங்க."

"குடிச்சாத்தான் வரும்னு யார் சொன்னா? காலையிலேர்ந்து என்ன சாப்பிடுவீங்க, சொல்லுங்க."

சொன்னேன். பாதியிலேயே பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"மூட்டை தூக்குறத எப்ப நிறுத்துனீங்க?"

"முழங்கால் போனதுக்கப்புறம். நாலு வருசமாச்சு."

"மூட்டை தூக்குறவரு சாப்பாட்ட எப்ப நிறுத்துனீங்க?"

அவருக்குப் பின்னால் சுவரில் தாய்ப்பால் பற்றி ஒரு படம் இருந்தது. அதை முழுவதும் படித்தேன்.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாதாம். சோறு பாதி, மைதா கூடாது, சீனி கூடாது, பொரித்தது கூடாது, தினமும் வேர்க்க நடக்க வேண்டும், ஏழெட்டுக் கிலோ குறைய வேண்டும். "இப்ப விட்டுட்டா ஈரல் இறுக ஆரம்பிக்கும். முழுசா இறுகிட்டா திரும்பாது. மூணு மாசம் கழிச்சு வாங்க" என்றார்.

என் மனைவி முத்துராக்கு பக்கத்தில் நின்று எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வெளியே வந்ததும், "பாவம், அந்தப் புள்ளைக்கு யாரும் வாய்க்கு ருசியா ஆக்கிப் போடல போல. அதான் இப்படிப் பேசுது" என்றாள்.

ஜூன் 5, புதன்

செய்தி பஜாருக்குப் போய்விட்டது. முதலில் வந்தவன் வெயில்முத்து. என்னோடு சேர்ந்து மூட்டை தூக்கியவன். சாயங்காலமானால் அவனுக்கு வேறு மூட்டை. முப்பது வருஷமாக, "குடிக்காதடா, ஈரல் வெந்துரும்" என்று அவனுக்கு உபதேசம் செய்து வந்தவன் நான். வாசலில் நின்றே சிரிக்க ஆரம்பித்துவிட்டான்.

"மச்சான்! எனக்குப் புத்தி சொல்லிட்டு நீ எங்கய்யா ஒளிஞ்சு குடிச்ச?"

"போடா. இது சோத்துனால வந்தது."

"சோத்துலயா ஊத்திக் குடிச்ச?"

தெரு முழுவதும் கேட்டிருக்கும். தனக்கு ஈரல் கல் மாதிரி இருக்கிறது என்றான். அவன் ஈரலை இதுவரை யாரும் பார்த்ததில்லை. அதனால் அது நன்றாக இருக்கிறது.

போகும்போது ஒரு பன் பாக்கெட்டும் சத்து மாவு டப்பாவும் வைத்துவிட்டுப் போனான். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு வரக் கூடாதே.

ஜூன் 9, ஞாயிறு

சங்கத்திலிருந்து எட்டுப் பேர் வந்தார்கள். பிறகு எண்ணெய்க் கடை முதலாளியின் கணக்குப்பிள்ளை. பிறகு முத்துராக்குவின் சித்தி வீட்டுக் கூட்டம். மாம்பழம், குளுக்கோஸ், கிரீம் பிஸ்கட், இன்னும் பன், இன்னும் சத்து மாவு. ஒருவர் அதிரசமே கொண்டுவந்தார். ஈரலில் கொழுப்பு உள்ளவனைப் பார்க்க அதிரசத்தோடு வரும் ஊர் உலகத்தில் வேறெங்கும் இருக்காது. சத்து மாவு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்துப் பார்த்தேன். முதலில் சீனி. பிறகு மாவு. சத்து கடைசி வரியில் ஓர் ஓரமாக நிற்கிறது.

"இதுல பாதிக்கு மேல சீனிதான் புள்ள" என்றேன்.

"வந்தவங்க ஆசையாக் குடுத்தத வேண்டாங்க முடியுமா? பேசாம படுங்க."

வந்தவர்களுக்கெல்லாம் அவள் காபி போட்டாள். வந்தவர்களைத் தனியாகக் குடிக்கவிடுவது மரியாதை இல்லை என்று ஒவ்வொரு கூட்டத்தோடும் தானும் ஒரு தம்ளர் குடித்தாள். அவர்கள் போனபின் என்னால் தொட முடியாத பன்னைப் பிய்த்துச் சத்து மாவுப் பாலில் நனைத்துத் தின்றாள். பூசணம் பிடித்துவிடுமாம்.

இந்த வீட்டில் சீனி எனக்கு மட்டும்தான் நின்றிருக்கிறது.

ஜூன் 18, செவ்வாய்

சோறு பாதியாகிவிட்டது. எனக்கு. பானைக்கு இல்லை.

"கொறைச்சுப் போட்டா என்ன?" என்று கேட்டேன்.

"நாப்பது வருசமா இந்த உழக்குல அளந்து போட்ட கை. பானைக்குத் தெரியுமா ஒங்க ஈரலு?"

நான் எழுந்த பிறகு அவள் உட்கார்ந்தாள். வழக்கம் அதுதான். மிச்சத்தை வழித்துப் போட்டுக்கொண்டு, "கொட்டவா முடியும்?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். இப்போது தலைப்புகளை எழுத்துக் கூட்டாமலே படிக்கிறேன்.

ஜூன் 23, ஞாயிறு

எண்ணெய்ப் பரோட்டாக் கடையில் புது போர்டு மாட்டியிருக்கிறார்கள். படிக்க மட்டும் போனேன்.

ஜூன் 24, திங்கள்

அது நீளமான போர்டு. உட்கார்ந்துதான் படிக்க வேண்டியிருந்தது. சும்மா உட்கார்ந்தால் கடைக்காரர் என்ன நினைப்பார்?

ஜூலை 2, செவ்வாய்

வெயில்முத்து ஒரு பாட்டிலில் பச்சையாக என்னவோ கொண்டுவந்தான். செல்போனில் ஒரு சாமியார் சொன்னாராம். மூன்று வேளை குடித்தால் ஈரல் குழந்தை ஈரலாகிவிடுமாம்.

"ஒனக்கு எதுக்குடா கொழந்த ஈரலப் பத்தின கவல? அந்தச் சாமியாரு ஈரலயே குடுத்தாலும் நீ பொரிச்சுத் தொட்டுக்குவ" என்றேன்.

கண்ட பச்சை மருந்தையும் குடித்து ஈரலுக்கு இன்னொரு வேலை கொடுக்காதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். நான் குடிக்கவில்லை. சாயங்காலம் பார்த்தால் பாட்டில் காலி.

"ஏ புள்ள, எங்க ஊத்துன?"

"ஊத்துவாங்களா? அண்ணன் அம்புட்டுத் தூரம் அலைஞ்சு கொண்டாந்தது. நான்தான் குடிச்சேன். வாயெல்லாம் கசக்குது."

இவளைப் போல் சிக்கனக்காரி கிடையாது.

ஜூலை 7, ஞாயிறு

நடப்பதற்கு நல்ல வழி கண்டுபிடித்திருக்கிறேன். சும்மா நடந்தால் கால் வலிக்கிறது. போர்டு படித்துக்கொண்டே நடந்தால் வலிப்பதில்லை. முதல் வாரம் தெப்பக்குளத்தைச் சுற்றியிருந்த எல்லாவற்றையும் படித்து முடித்தேன். அடுத்த வாரம் பஜார். இப்போது இந்தப் பக்கம் போர்டு தீர்ந்துவிட்டதால் ரயில்வே கேட்டைத் தாண்டிப் போகிறேன். நாற்பது வருஷம் நான் மூட்டை இறக்கிய கடைக்கு என்ன பெயர் என்று போன புதன்கிழமைதான் தெரிந்தது. நல்ல பெயர். முதலாளிக்குப் பொருந்தவில்லை.

முத்துராக்குவையும் கூப்பிட்டேன்.

"நீங்க படிக்கப் போறீங்க. எனக்கென்ன அங்க? வீட்டுக்குள்ள நடக்குறது நடையில்லையா?"

தெருக் குழாயிலிருந்து ஒரு குடம் கொண்டுவந்தவள், வாசல்படியில் இறக்கி வைத்துவிட்டு அதன் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். "வெயிலு" என்றாள். மணி ஆறரை.

கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு சித்த வைத்தியசாலை போர்டு இருக்கிறது. அதில் எனக்குத் தெரியாத எழுத்தே இல்லை.

ஜூலை 21, ஞாயிறு

அரைஞாண் கயிறு இடுப்பில் நழுவுகிறது! முடிச்சைப் போட்டு இறுக்கினேன். பெருமையாக இருந்தது. அதே நேரம் முத்துராக்கு ஜன்னல் ஓரமாக உட்கார்ந்து தன் ரவிக்கையின் தையலைப் பிரித்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"என்னைய விட்டுப் போன கொழுப்பு தொலைஞ்சு போகல. அடுப்படி வரைக்குந்தான் போயிருக்கு" என்றேன்.

விழுந்து விழுந்து சிரித்தாள். எழுந்து தண்ணீர் குடித்தாள். இப்போதெல்லாம் செம்பு செம்பாகக் குடிக்கிறாள். பின்கழுத்து கறுத்திருக்கிறது. அழுக்கு என்று தேங்காய் நாரை வைத்துத் தேய்க்கிறாள், போகவில்லை.

டீச்சரிடம் அரைஞாண் கயிற்றைப் பற்றிச் சொல்லலாமா என்று யோசித்தேன். பெண்பிள்ளை. வேண்டாம்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப் பெருக்கு. ஐந்து விதச் சோறு. சாமிக்காக ஒவ்வொன்றிலும் ஒரு வாய். சாமிக்கு என் ஈரல் நிலவரம் தெரியும் என்று முத்துராக்கு சொன்னாள். மீதி ஐந்து விதத்தையும் அவள் ராத்திரி முடித்து வைத்தாள்.

ஆகஸ்ட் 14, புதன்

பகலில் குழம்பு தீய்ந்துவிட்டது. முத்துராக்கு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். கல்யாணமான நாளிலிருந்து இப்படி நடந்ததில்லை. எழுப்பினால், "வயசாகுதில்ல" என்கிறாள். என்னைவிட ஒன்பது வயது சின்னவள்.

என் எடை நன்றாகக் குறைந்திருக்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்தேன்.

செப்டம்பர் 2, திங்கள்

ஆஸ்பத்திரியில் எனக்கு ராஜ மரியாதை. இரண்டாம் நிலை முதல் நிலையாகிவிட்டது. ரத்தத்திலும் எல்லாம் இறங்கியிருக்கிறது. "என்னய்யா செஞ்சீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"ஊர்ல உள்ள போர்டெல்லாம் படிச்சேம்மா."

சிரித்தார். பிறகு, "வீட்ல சமையல் யாரு?" என்றார்.

"இவதான்."

டாக்டரம்மா முத்துராக்குவைப் பார்த்தார். பார்த்தவர் கண்ணை எடுக்கவில்லை. கழுத்தைத் திருப்பிப் பார்த்தார். எடை மெஷினில் ஏறச் சொன்னார். விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்தார். சர்க்கரை எக்கச்சக்கம். முத்துராக்கு, அது காலையில் குடித்த காபி என்றாள்.

"அம்மா, ஒங்களுக்கும் ஸ்கேன் பாத்துரலாம்."

"எனக்கு எதுக்குத் தாயி? சீக்கு அவருக்குல்ல?"

"ஒரே வீட்டுச் சாப்பாடுதான?"

"அவரு சாப்பாடு வேற, எஞ்சாப்பாடு வேற. நான் மிச்சம் மீதி திங்குறவ."

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். இந்த முறை சுவரில் படிக்க ஒன்றும் இல்லை. வெள்ளையடித்திருந்தார்கள்.

வெளியே இழுத்துக்கொண்டு போய் என்னிடம் சொன்னாள்: "பொம்பளைக்கு ஈரல்ல கோளாறுன்னா ஊரு என்ன பேசும்? புருசனும் பொண்டாட்டியும் சேந்து உக்காந்து குடிச்சிருக்காகம்பாக."

"பேசுனா பேசட்டும். வா."

"வரமாட்டேன்."

"அப்ப நான் இன்னைக்கிப் பரோட்டாக் கடைக்குப் போறேன். போர்டு படிக்க இல்ல."

என்னை முறைத்தாள். "அப்ப அன்னைக்கும் படிக்கப் போகலையா?" என்றாள். உள்ளே வந்து ஸ்கேன் மேஜையில் படுத்தாள்.

செப்டம்பர் 5, வியாழன்

ஈரல் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று பார்க்கும் மெஷின் பெரிய ஆஸ்பத்திரியில் இருக்கிறது. அதிலும் பார்த்தாகிவிட்டது.

முத்துராக்குவுக்கு இறுக ஆரம்பித்திருக்கிறது. இந்த மூன்று மாதத்தில் வந்தது இல்லையாம். பல வருஷமாக உள்ளே நடந்துகொண்டிருக்கிறதாம். இந்த மூன்று மாதம் விறகு போட்டிருக்கிறது. விறகு நான் வேண்டாம் என்று தள்ளியது.

"இன்னும் முழுசா இறுகலம்மா. இப்பப் புடிச்சா திரும்ப வரும். விட்டா வராது" என்றார் டாக்டரம்மா. சர்க்கரைக்கு மாத்திரை கொடுத்தார். மற்றபடி எனக்குச் சொன்ன அதே பாடம்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் அவளை உட்கார வைத்தேன். வழியில் நிறைய போர்டு இருந்திருக்கும்.

செப்டம்பர் 8, ஞாயிறு

யாரும் வரவில்லை.

செப்டம்பர் 9, திங்கள்

வெயில்முத்து மட்டும் வந்தான். பன் இல்லை, டப்பா இல்லை. "அப்படியா? தங்கச்சிக்கா?" என்றான். கொஞ்ச நேரம் தலையைச் சொறிந்துவிட்டு, "அப்ப வீட்ல சோத்துக்கு என்ன மச்சான் பண்ற?" என்று கேட்டான். சிவகாசியிலிருந்து மகள் செல்வராணி போன் செய்து நன்றாக அழுதாள். அழுது முடித்து, "அப்பாவுக்கு யாரும்மா பத்தியச் சாப்பாடு பண்ணுவா?" என்றாள்.

எனக்கு வந்தபோது என் ஈரலைப் பார்க்கத் தெருவே வந்தது. அவளுக்கு வந்திருக்கும்போது எல்லோரும் என் வயிற்றைப் பற்றி விசாரிக்கிறார்கள். இதைச் சொன்னபோது முத்துராக்கு, "நல்லதுதான. வந்தா காப்பி போடணும்" என்றாள்.

செப்டம்பர் 12, வியாழன்

உழக்கை ஒளித்து வைத்தேன். கையால் அளந்து போட்டாள். அதே அளவு.

எனக்கு முன்னால் சாப்பிடு என்றேன். நான் ஏதோ கெட்ட வார்த்தை சொன்னதுபோல் பார்த்தாள். சேர்ந்து சாப்பிடலாம் என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். எட்டிப் பார்த்தேன். பானையைச் சாய்த்து வழித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பானைக்கு இவ்வளவு ஆழம் இருப்பது எனக்கு இதுவரை தெரியாது.

"மாத்திரைதான் போடுறேன்ல, அப்புறமென்ன?" என்றாள்.

செப்டம்பர் 16, திங்கள்

இன்றிலிருந்து சமையல் நான் என்று சொல்லிவிட்டேன். பானை நிறைய ஆக்கினால்தானே வழிப்பாள்.

முதல் வேளை கம்பங்கூழ். கட்டி கட்டியாக வந்தது. முத்துராக்கு கரண்டியால் ஒரு கட்டியைத் தூக்கிப் பார்த்து, "இத மூட்டையில கட்டி வத்தக் கிட்டங்கியில அடுக்கலாம்" என்றாள். இரண்டாம் வேளை கீரை. மண்ணோடு. வெயில்முத்து வந்தவன் ஒரு வாய் வைத்துவிட்டு, நல்ல வேளை தான் குடிகாரன் என்று சொல்லிப் போய்விட்டான்.

ஒரு நன்மை. மிச்சம் இருந்தாலும் வழித்துத் தின்ன ஆசை வராது.

செப்டம்பர் 19, வியாழன்

காலையில் என்னோடு நடக்க வந்தாள். வைத்தியசாலை போர்டை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு, "இதுக்கா தெனம் இம்புட்டுத் தூரம் வந்தீங்க?" என்றாள். திரும்பும்போது இரண்டு இடத்தில் நின்றாள். நானும் நின்றேன். முழங்கால் என்று சொல்லிக்கொண்டேன்.

செப்டம்பர் 22, ஞாயிறு

இன்று வரகரிசிச் சோறு, புடலங்காய்க் கூட்டு, மோர். அளவாக ஆக்கினேன் என்று நினைத்தேன். ஒரு கை கூடிவிட்டது.

தட்டில் போட்டு அவள் முன்னால் வைத்தேன். அவள் தொடவில்லை.

"நீங்க சாப்பிடாம நான் எப்படி வாயில வைக்கிறது?"

"வச்சுப் பாரு. தெரியும்."

"நீங்க பாத்துக்கிட்டு நின்னா எறங்காது."

நான் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தேன். பேப்பரைப் பிரித்துச் சத்தமாகப் படித்தேன். வெங்காய விலை, மழை நிலவரம், மரண அறிவிப்பு. இரண்டாவது மரண அறிவிப்பு வரும்போது பின்னால் தட்டில் கை படும் சத்தம் கேட்டது. நான் நிறுத்தவில்லை. ராசி பலன் முழுவதும் படித்தேன். எனக்குத் தன லாபமாம்.

"போதும்" என்றாள்.

திரும்பினேன். தட்டில் ஒரு கை சோறு இருந்தது. அவள் விரல் அதன் பக்கத்திலேயே நின்றது. கிட்டே போனது, திரும்பி வந்தது. அவள் தட்டில் மிச்சம் இருந்து நான் பார்த்ததில்லை. அவளுமே பார்த்திருக்கமாட்டாள் என்று நினைக்கிறேன். யார் வீட்டுத் தட்டோ என்பதுபோல அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வயிறு நெறைஞ்சிருச்சா?"

"ம்."

"அப்ப கைய கழுவு."

"இத யாரு திங்குறது?"

"காக்காய்க்கு வைப்போம்."

"ஏன், காக்காய்க்கு ஈரல் இல்லையா?" என்றாள். ஆனால் எழுந்தாள். கையைக் கழுவினாள்.

மாடிச் சுவரில் கொண்டுபோய் வைத்தேன். அவளும் மெல்லப் படியேறி வந்து நின்றாள். ஒரு காக்கை வந்தது. தலையைச் சாய்த்துப் பார்த்தது. ஒரு கொத்துக் கொத்தியது. அலகைச் சுவரில் தேய்த்துத் துடைத்துவிட்டுப் பறந்துவிட்டது.

"ஒங்க அப்பாவாத்தான் இருக்கும். உப்பு பத்தல" என்றாள் முத்துராக்கு.